சம்பந்தி வீட்டுக் கேபிள் வயர்

இந்தா பாருங்க தம்பி, வயரு என்னுது. அதை மட்டும் மொதல்ல ஒத்துக்கங்க. அதுக்குப் பெறகு நீங்க என்ன ஞாயம் பேசினாலும் நான் கேட்டுக்கறேன்.

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க. அந்தப் பையை மடியில வச்சுக்கங்க, இல்ல மேல போடுங்க. மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். உசிலம்பட்டில ஏறினப்பவே பாத்தேன், காதுல எதையோ சொருகிக்கிட்டு போனையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. என்னது, படமா? நெட்டுலதானே? பாருங்க, பாருங்க. இப்ப எல்லாரும் அதைத்தான் பாக்குறாங்க. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டதும் அதுதான். உங்களைச் சொல்லல தம்பி, பொதுவாச் சொன்னேன். கோவிச்சுக்காதீங்க. கோவிச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல.

என் பேரு காசிமாயன். மாயன் கேபிள்னா எங்க ஊருல தெரியாத ஆளு கெடையாது. இப்ப ஜன்னல் வழியாப் பாத்தீங்கள்ல, கம்பத்துக்குக் கம்பம் கறுப்பா ஒரு வயரு தொங்கிக்கிட்டு வந்துச்சே, அதுல பாதி நான் இழுத்தது. ஏணியத் தோள்ல போட்டுக்கிட்டு நானே ஏறி இழுத்தது. ஒரு காலத்துல கல்யாண வீட்டுக்குப் போனா எனக்குத்தான் மொத பந்தி. ஏன்னு கேளுங்க. கிரிக்கெட் நடக்கும்போது லைன் போயிரக் கூடாதுல்ல! போலீஸ் ஸ்டேஷன்ல கூட சேரு எடுத்துப் போடுவாங்க. இப்ப? ஒவ்வொரு வீடா வந்து கேபிள் பொட்டியக் குடுத்துட்டுப் போறான். அண்ணே, வேணாம்ணே, போன்லயே பாத்துக்கறோம்ணேங்குறான். வேணாம்னு சொல்லும்போது அவன் மூஞ்சில ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அதைத்தான் தாங்க முடியாது.

சரி, ஊராரு குடுத்தான், வாங்கி வச்சுக்கிட்டேன். சம்பந்தி குடுக்கலாமா?

அதைத்தான் சொல்ல வர்றேன். எனக்கு ஒரே மக. யோகலட்சுமி. யோகான்னுதான் கூப்பிடுவோம். அதை உள்ளூர்லயே குடுத்தேன். எங்கிட்டோ சென்னை, பெங்களூர்ன்னு வந்த மாப்பிள்ளைய எல்லாம் வேணாம்னுட்டேன். கண்ணு முன்னாடி இருக்கட்டும், நெனச்சா போய்ப் பாக்கலாம், எட்டு வச்சு நடந்தா வந்துரும் வீடு. கோயில் தெருவுல பால்ச்சாமி வாத்தியாருன்னு ஒருத்தரு. பள்ளிக்கூடத்துல வேல பாத்து ரிட்டையர்டு ஆனவரு. அவரு மகன் ஜெயபாண்டி, பேங்குல இருக்கான். நல்ல பையன்தான். வாய் தொறக்க மாட்டான். வாய் தொறக்காதவனை நம்பக் கூடாதுன்னு பெறகுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

கல்யாணத்துக்கு நான் என்ன கொறை வச்சேன்? கட்டிலு, பீரோ, பண்டபாத்திரம், எல்லாத் தகப்பனும் குடுக்கறதுதான். நான் அதுக்கு மேல ஒண்ணு குடுத்தேன். கேபிள் கனெக்‌ஷன். ஆயுசுக்கும் ஓசி. மண்டபத்துல மைக்கைப் பிடிச்சு நானே சொன்னேன்: 'என் மக இருக்கற வீட்டுல, என் மூச்சு இருக்கற வரைக்கும், டிவி நிக்காது'ன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. வாத்தியாரும் சிரிச்சாரு. அப்ப சந்தோசத்துல சிரிக்கிறாருன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சுப் பாத்தா அது நக்கலு.

நம்ம கையால இழுத்த வயரு தம்பி அது. லைன்மேனை விடல. அவரு வீடு பழைய வீடு, சுவரு ஒவ்வொண்ணும் கோட்டைச் சுவரு மாதிரி. உள்ள நின்னு கத்தினா அடுத்த ரூமுக்குக் கேக்காது. அதுல துளை போட்டு, பைப்பு பதிச்சு, பைப்புக்குள்ள வயரை விட்டு, மேல பூசி, சுண்ணாம்பு அடிச்சு, எங்க வயரு போகுதுன்னே தெரியாம செஞ்சு குடுத்தேன். வயரும் எப்பேர்ப்பட்ட வயரு? உள்ள சுத்தமான செம்பு. ஊருக்குப் போடுற வயரை எல்லாம் என் மக வீட்டுக்குப் போடுவேனா? ஹால்ல ஒரு பாயிண்டு. மாடியில யோகா ரூம்ல ஒரு பாயிண்டு. ஏன் மாடியிலன்னா, அதுக்குப் படுத்துக்கிட்டே பாட்டு கேக்கணும், சின்னப் புள்ளையில இருந்து பழக்கம். ஹால்ல மாமனாரு நியூஸ் பாத்துக்கிட்டு இருந்தா, மருமக போயி ரிமோட்டைக் கேக்க முடியுமா? அதையெல்லாம் யோசிச்ச தகப்பன் நான். இப்ப என்னைய யோசனை இல்லாதவன்னு சொல்றாளுங்க.

யாரு சொல்றாளா? என் சம்சாரந்தான். ஒச்சம்மா. அவ கதை பெறகு சொல்றேன்.

டிக்கெட் எடுத்தாச்சா நீங்க? எடுங்க, எடுங்க, கண்டக்டர் வர்றான். எனக்கு ஒரு மதுரை. மதுரைல எங்கன்னா கேக்குறே? கடைசி ஸ்டாப்புக்குக் குடுப்பா. பஸ்ஸு எங்க நிக்குதோ அங்க எறங்கிக்கறேன்.

ஆமா, எங்க விட்டேன்? போன வைகாசி. நல்ல வெயிலு. கடையில உக்காந்திருக்கேன், வாத்தியாரு வர்றாரு. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, கையில பேப்பர் சுத்தின ஒரு பொட்டலம். சம்பந்தி வந்திருக்காரேன்னு எந்திரிச்சு நின்னேன், டீ சொன்னேன். அவரு உக்காரல. பொட்டலத்தை மேசை மேல வச்சுப் பிரிக்கிறாரு. என்னன்னு பாத்தா, செட்டாப் பாக்ஸு. தூசி தட்டி, ரிமோட்டை மேல வச்சு ரப்பர் பேண்டு போட்டு. அந்நேரம் கடையில ஆளு நின்னுக்கிட்டு இருக்கு.

"சம்பந்தி, கோவிச்சுக்கப்படாது. வீட்டுல இப்ப யாரும் டிவி போடுறதில்ல. நான் பேப்பர் படிக்கறேன், அவ போன்ல சீரியல் பாத்துக்கறா. சும்மா கெடக்கு. உங்களுக்கு வேற யாருக்காச்சும் ஆகுமேன்னு கொண்டாந்தேன்"ங்குறாரு.

எப்படி நைசாப் பேசுறாரு பாத்தீங்களா? வாத்தியாரு இல்ல!

தம்பி, உங்களுக்கு எந்த ஊரு? கம்பமா? அப்ப உங்களுக்குத் தெரியும். சீராக் குடுத்த பொருளை யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? நம்ம பக்கம் சீரு எப்பத் திரும்பும்? பொண்ணை அத்து விட்டாத்தான், கல்யாணத்தை முறிச்சாத்தான் திரும்பும். பொண்ணு வீட்டுக்காரன் ஒரு வண்டியக் கொண்டுபோயி, கட்டிலு, பீரோ, குடம், குத்துவிளக்கு எல்லாத்தையும் தெரு பாக்க ஏத்திக்கிட்டு வருவான். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேக்க வேண்டியதில்ல. வண்டியப் பாத்தாலே முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சுக்குவாங்க. அப்பேர்ப்பட்ட ஊருல, இந்த மனுசன் என் சீரை பேப்பர்ல சுத்தி என் கடைக்கே கொண்டாந்து வைக்கிறாரு. கடையில நின்ன ஆளுக என்ன நெனச்சிருப்பாங்க? என் மூஞ்சில கரியப் பூசிட்டு, வந்த டீயக் கூட குடிக்காமப் போயிட்டாரு. சக்கரையாம். சக்கரை போடாம ஒரு டீ சொல்லத் தெரியாதா எனக்கு?

நான் அன்னிக்கே ஒண்ணும் பண்ணல. நம்புங்க. பொறுமையாத்தான் இருந்தேன். மக முகத்தைப் பாத்துட்டு வருவோம்னு சாயங்காலமா கோயில் தெருவுக்குப் போனேன். ஹால்ல டிவி இருந்த எடத்துல ஒரு பூச்சாடி. பக்கத்துல ஒரு வெள்ளைப் பொட்டி, மினுக் மினுக்குன்னு லைட்டு எரியுது. வேற கம்பெனிக்காரன் பைபர் நெட்டு. சம்பந்தியம்மா, யோகா மாடியில இருக்கு, போங்கண்ணேன்னாங்க. போனேன்.

புள்ளைக்கு என்னையப் பாத்ததும் சிரிப்புத் தாங்கல. கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி அதோட மேசையக் காட்டுது. கம்ப்யூட்டரு, காதுல மாட்டற மைக்கு, சுழல்ற நாற்காலி, ஆபீஸ் மாதிரி வச்சிருக்கு. அது வீட்டுல இருந்தே வேல பாக்குது தம்பி. என்ன வேலன்னு எனக்குச் சரியாத் தெரியாது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லை எல்லாம் இது இங்க உக்காந்து சரி பாக்குமாம். ஒச்சம்மாவுக்குத்தான் அதெல்லாம் தெரியும். நான் கேட்டுக்கிட்டதில்ல. பொம்பளப் புள்ள வேல பாத்துத்தான் ஆகணும்னு அந்த வீட்டுல என்ன தலையெழுத்து?

"அப்பா, இதைப் பாருங்களேன். இத்தனை நாளும் நெட்டு மாடிக்கு வராம, கீழ படிக்கட்டுல உக்காந்து வேல பாத்தேன். இந்தச் சுவரைத் தாண்டி வைபை ஏறவே மாட்டேன்னுருச்சு. மீட்டிங்ல பேசிக்கிட்டே இருப்பேன், பாதியில போயிரும். வேலையே போயிரும் போல இருந்துச்சுப்பா. அப்புறம் அவரு தேடிப் பிடிச்சு இந்த மாதிரி ரெண்டு பொட்டி வாங்கிட்டு வந்தாரு. ஒண்ணு கீழ நெட்டு மோடத்துக்கிட்ட. ஒண்ணு இங்க. நடுவுல என்ன வயரு தெரியுமா?"

எனக்கு என்ன தெரியும்?

"நீங்க போட்ட கேபிள் வயருப்பா! தெருவுல இருந்து வர்ற லைனை மட்டும் கழட்டிட்டு, உள்ள இருக்கற வயரு ரெண்டு முனையிலயும் இந்தப் பொட்டிய மாட்டினா போதுமாம். அதுலயே நெட்டு மேல வந்துருது. சுவரை இடிக்கல, புதுசா ஒரு வயரு இழுக்கல. பொட்டி வித்தவரே சொன்னாராம், உள்ள நல்ல வயராப் போட்டிருக்காங்க, அதான் இம்புட்டு ஸ்பீடுன்னு. நீங்க போட்ட வயருலதான்பா என் வேலையே ஓடுது."

இப்படி மூஞ்சிக்கு நேரா சொன்னா எந்தத் தகப்பனுக்குத்தான் வலிக்காது? நீங்களே சொல்லுங்க.

சிரிச்சுக்கிட்டே சொல்லுது தம்பி. கண்ணு ரெண்டும் பளபளன்னு இருக்கு. யாரு சொல்லிக் குடுத்துப் பேசுதுன்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் வாத்தியாரு வேல. என் டிவி வேணாம், என் பொட்டி வேணாம், என் டீ வேணாம். ஆனா என் வயரு மட்டும் வேணும். எவனோ ஒருத்தன் நெட்டு, என் பொழப்பைக் கெடுத்த நெட்டு, அது நான் ஏணி போட்டு ஏறி விட்ட வயருக்குள்ள சொகுசாப் போயிட்டு வருது. என் வீட்டுக்குள்ள என் எதிரிய நானே படுக்க வச்ச மாதிரி. புள்ள காபி கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சேன். குடிச்சுட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒச்சம்மாகிட்ட சொன்னேன். அவ என்ன சொன்னாங்குறீங்க?

"ஏங்க, நம்ம புள்ளதானே அதுல வேல பாக்குது. நீங்க குடுத்தது வீணாப் போகாம புள்ளைக்கு ஒதவுதேன்னு சந்தோசப்படாம..."

நீ சோத்தைப் போடுன்னேன். வேற என்ன சொல்றது? டிவிக்குன்னு குடுத்தது டிவிக்குத்தான். சீராக் குடுத்த பசுமாட்டை ஏர்ல பூட்டுவானா எவனாச்சும்?

மறுநாள் காலையில சுருளியக் கூப்பிட்டேன். சுருளி நம்ம லைன்மேன், என்கூட ரொம்ப வருசமா இருக்கான். ஏணிய எடு, லோடு ஆட்டோவக் கொண்டான்னேன். ஏணிக்குத்தான் லோடு ஆட்டோ. சத்தியமா ஏணிக்குத்தான். எங்க போறோம்னு தெரிஞ்சதும் அவன் ஆட்டோவ விட்டு எறங்கிட்டான்.

"அண்ணே, வேணாம்ணே. வண்டியோட போகாதீங்க. பாக்கறவுக வேற மாதிரி நெனப்பாக."

"எவன் என்ன நெனச்சா எனக்கென்னடா? என் வயரை நான் எடுக்கப் போறேன்."

"அப்ப நான் வரலண்ணே. பாப்பா வீடுண்ணே அது."

போடான்னுட்டு நானே ஓட்டிக்கிட்டுப் போனேன். கோயில் தெரு குறுகலான தெரு. ஆட்டோவ வாசலை ஒட்டி நிப்பாட்டினதும் எதுத்த வீடு, பக்கத்து வீடுன்னு எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. வாத்தியாரு பேப்பரை மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சாரு.

"வாங்க சம்பந்தி."

"வர்றதுக்கு ஒண்ணுமில்ல. என் பொருள் ஒண்ணு உங்க வீட்டுல இருக்கு. அதை எடுத்துட்டுப் போகணும்."

விசயத்தைச் சொன்னேன். அந்த ஆளுக்குக் கோவமே வரல தம்பி. அதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னையப் பாடம் ஒப்பிக்காத பையனைப் பாக்குற மாதிரிப் பாக்குறாரு.

"தாராளமா எடுத்துக்கங்க. உங்க பொருள்தான். ஆனா இப்ப வேணாம், சாயங்காலமா வாங்க. புள்ளைக்கு இன்னிக்கு முக்கியமான மீட்டிங்காம். அதை வேலையில நிரந்தரமாக்கப் போறாங்களாம். பேசிக்கிட்டு இருக்கு. அது முடியட்டும்."

பாத்தீங்களா? என் மக மீட்டிங்கை எனக்குச் சொல்ல அவரு யாரு? என் மககிட்ட எனக்கு இல்லாத அக்கறை அவருக்கு எங்கிருந்து வந்துச்சு? என்னையச் சாயங்காலம் வாங்கங்குறாரு. என்னிக்காச்சும் ஒரு கேபிள்காரன் சாயங்காலம் வாங்கன்னா போயிட்டு வந்திருக்கானா? நான் நேரா ஹாலுக்குள்ள போனேன். அந்தப் பொட்டியில இருந்து வயரைக் கழட்டினேன். சுவத்துல பைப்பு வாய் தொறந்திருந்துச்சு, வயரைக் கையில சுத்திப் பிடிச்சேன், இழுத்தேன்.

வந்துச்சு தம்பி. அப்படியே வழுக்கிக்கிட்டு வந்துச்சு. ஒரு எடத்துலகூட சிக்கல, ஒரு வெட்டு இல்ல. நான் போட்ட வேலை அப்பேர்ப்பட்ட வேலை. மாடிப்படி வழியா, மேல என்னமோ மேசையில இருந்து கீழ விழுந்து உடையற சத்தம் கேட்டுச்சு. அதோட மாட்டியிருந்த பொட்டியா இருக்கும். நான் நிறுத்தல. இழுத்து, சுருட்டி, தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தேன். தெருவே நிக்குது. வண்டி நிக்குது. எதுத்த வீட்டுப் பெருமாயி, இடுப்புல குடத்தோட நின்னுக்கிட்டு, என்னண்ணே, அத்து விட்டாச்சான்னு கேட்டா.

நான் வந்த ஆத்திரத்துல, "ஆமா, இந்த வீட்டுக்கும் எனக்கும் இனிமே ஒண்ணுமில்ல"ன்னுட்டேன்.

நான் சொன்னது வாத்தியாரை. எனக்கும் வாத்தியாருக்கும்னு சொன்னேன். இவளுகளா அதைப் புடிச்சுக்கிட்டு, காசிமாயன் மகளை அத்து விட்டுட்டான், சீரை ஏத்திட்டுப் போறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டாளுக. அன்னிக்குச் சாயங்காலமே என் வீட்டுக்கு துக்கம் விசாரிக்க ஆளு வருது! ஊரு வாய்க்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

இருங்க, முக்கியமானதைச் சொல்லல. வயரை ஆட்டோவுல போட்டுட்டுத் திரும்பறேன், யோகா வாசப்படியில நிக்குது. அந்த மைக்கு இன்னும் கழுத்துல தொங்குது. மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்குது. வயரைப் பாக்குது, வண்டியப் பாக்குது, தெருவுல நிக்கிற சனத்தைப் பாக்குது. அழுகல. என் மக எளிதுல அழுகாது, என்னைய மாதிரி.

"அப்பா, என்னையும் ஏத்திக்கங்க. நானும் நீங்க இந்த வீட்டுக்குக் குடுத்ததுதானே."

கேட்டீங்களா? கேட்டீங்களா தம்பி? என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு என் புள்ள தெருவுல நின்னு கேட்டுச்சு. அந்த வீட்டுல என்ன கஷ்டம் இருந்தா அப்படிக் கேக்கும்? இத்தனை நாளும் வாய் விட்டுச் சொல்லாம இருந்திருக்கு. எனக்கு அப்படியே நெஞ்சு பொங்கிருச்சு. "ஏறுத்தா, ஒரு பையில துணிய எடுத்து வச்சுட்டு வாத்தா, ஒன் வீடு இருக்கு ஒனக்கு"ன்னேன். அது உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிச்சு. துணி எடுக்கப் போயிருக்குன்னு நான் வண்டியிலயே உக்காந்திருந்தேன். வெயில் ஏறுற வரைக்கும் உக்காந்திருந்தேன். வரல. உள்ள பிடிச்சு வச்சுக்கிட்டாங்க போல.

என்ன அப்படிப் பாக்குறீங்க? தண்ணி இருந்தா குடுங்க.

பெறகு என்ன? மீட்டிங்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு யோகா முகம் காணாமப் போச்சாம். வேல நிரந்தரம் ஆகல. வீட்டுல நெட்டு ஒழுங்கா இல்லாதவளுக்கு இங்க எடமில்ல, மதுரை ஆபீசுக்கு நேர்ல வான்னுட்டாங்களாம். தெனமும் பஸ்ஸுல போயிட்டு வந்துச்சு கொஞ்ச நாளு. தெருவுல வேற ஒவ்வொருத்தியும் நிப்பாட்டி, என்னம்மா, சேந்துட்டீங்களான்னு கேக்குறாளுகளாம். மாப்பிள்ளை பேங்குல மாத்தல் வாங்கிட்டான். ரெண்டு பேரும் மதுரைக்கே வீடு பாத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கண்ணு முன்னாடி இருக்கணும்னு உள்ளூர்ல குடுத்தேன். வாத்தியாரு என் மகளை ஊரை விட்டே கெளப்பிட்டாரு பாத்தீங்களா? அவரு மகனும் கூடத்தான் போனான், அது அவரு தலைவிதி. இப்ப அந்தப் பெரிய வீட்டுல சம்பந்தியம்மாவும் அவரும் மட்டுந்தான், உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. தெருவுல பாத்தா நல்லா இருக்கீங்களா சம்பந்தின்னு கேக்குறாரு. நான் பதில் சொல்றதில்ல.

அந்த வயரா? வீட்டுல கெடக்கு. வேற எந்த வீட்டுக்கும் போட மனசு வரல.

யோகா எங்கிட்டப் பேசி ஏழெட்டு மாசம் ஆச்சு. அம்மாகிட்டப் பேசும். நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஒச்சம்மா போனை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போயிருவா. நான் கூப்பிட்டா எடுக்காது. என் நம்பரை அந்த மாப்பிள்ளை எதோ பண்ணி வச்சிருக்கான், போன் போகவே மாட்டேங்குது. புள்ள அப்படிச் செய்யாது. அது உண்டாகியிருக்குன்னே எனக்கு வெளிய ஆளு சொல்லித்தான் தெரியும். டீக்கடையில ஒருத்தன், என்ன மாயா, தாத்தாவாகப் போறியாமேங்குறான். எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? ஆமாடான்னு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன்.

இன்னிக்கு விடிஞ்சும் விடியாம ஒச்சம்மா அடுப்புல நிக்கிறா. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு, தேங்காச்சோறு, அண்டா அண்டாவாக் கெளறி எறக்குறா. அவ அக்கா தங்கச்சி எல்லாம் பட்டுச்சேலை கட்டிட்டு வந்து நிக்கிறாளுக. வாசல்ல வேன். இதுக்கு மேல என்ன கேக்குறது? வளைகாப்புன்னு கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியும். நானும் வெள்ளைச் சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டு வந்தேன்.

"நீங்க வர வேணாங்க. யோகா சொல்லிருச்சு."

"நான் அப்பன்டி. நான் வராம வளைகாப்பா?"

"பொம்பளைக மட்டும் போதும்னுருச்சு. பிரசவத்துக்கும் நம்ம வீட்டுக்கு வராதாம். அங்கயே பாத்துக்குதாம். நான் போயிக் கூட இருந்துக்கறேன். உங்களுக்கு மாவு அரைச்சு வச்சிருக்கேன்."

மாவு அரைச்சு வச்சிருக்காளாம்! தம்பி, தலைப்பிரசவம் தாய்வீட்டுல பாக்காம எங்க பாப்பாங்க? உலகத்துல உண்டா? கட்டுச்சோறு கட்டி, வளையல் போட்டு, புள்ளைய வண்டியில ஏத்தித் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்குப் பேருதானே வளைகாப்பு? நான் உயிரோட இருக்கும்போது என் மக வாடகை வீட்டுல கெடந்து புள்ளப் பெத்துக்குமா? ஊரு என்ன பேசும்? அன்னிக்கு அத்து விட்டான்னு பேசின ஊரு, இன்னிக்கு நெசந்தான்னு பேசாது? வேன்ல ஏறப் போனேன். கதவை இழுத்துச் சாத்திட்டாளுக. என் கொழுந்தியா ஒருத்தி, உள்ள இருந்துக்கிட்டு, மாமா வயரை எடுத்துக்கிட்டு வர்றீகளான்னு கேக்குறா. எல்லாரும் சிரிக்கிறாளுக. ஒச்சம்மா மட்டும் சிரிக்கல.

அதான் பஸ் ஏறிட்டேன். என்ன ஆனாலும் இன்னிக்குப் புள்ளைய ஊருக்குக் கூட்டிட்டு வந்துரணும். மன்னிப்பெல்லாம் கேக்கப் போறதில்ல, அதுக்கு நான் ஒரு தப்பும் பண்ணல. வா ஆத்தா, வீட்டுக்குப் போவோம்னு கூப்பிடப் போறேன், அவ்வளவுதான். அன்னிக்கு அது கேட்டுச்சுல்ல, என்னையும் ஏத்திக்கங்கன்னு? இன்னிக்கு ஏத்திக்கறேன்.

செக்கானூரணி தாண்டிருச்சா? நாகமலை வந்துருச்சே. வேகமா வந்துட்டான்.

மதுரைல எங்கிட்டு வீடுன்னா கேக்குறீங்க? அதான் தம்பி. அது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. வேன்காரனைக் கேட்டேன், அவனும் சொல்லலயே. மதுரை பெருசுன்னு எனக்குத் தெரியாமயா? எறங்கி யாரையாச்சும் கேப்போம்னு ஏறிட்டேன். யாரைக் கேப்பேன்? என்னன்னு கேப்பேன்?

தம்பி, ஒரு உதவி பண்ணுங்க. உங்க போன்ல இருந்து ஒரு கால் போடுங்க. நம்பரு நான் சொல்றேன், எனக்கு மனப்பாடமாத் தெரியும். உங்க நம்பருன்னா அது எடுக்கும். போடுங்க. கூரியர்னு சொல்லுங்க. உங்களுக்கு வளையல் வந்திருக்கு, அட்ரஸு கிழிஞ்சு போச்சு, வீடு எங்கிட்டுன்னு கேளுங்க. பொய்யில்ல தம்பி, வளையல் நெசமாவே இருக்கு, இந்தா பையில, காலையில பஸ்ஸ்டாண்டுக் கடையில வாங்கினேன். அளவு சரியாத்தான் இருக்கும்.

ரிங்கு போகுதா? ஸ்பீக்கர்ல போடாதீங்க, பஸ்ஸுல நாலு பேரு பாப்பாங்க. எடுத்துருச்சா? இங்கிட்டுக் கொஞ்சம் காட்டுங்க. அதான். என் புள்ள கொரலுதான். பேசுங்க தம்பி, சும்மா இருக்காதீங்க, வச்சிரப் போகுது. கூரியர்னு சொல்லுங்க.

என்னது? யாரு அனுப்பினதுன்னு கேக்குதா?

ஏதாச்சும் ஒரு பேரு சொல்லுங்க தம்பி. என் பேரை மட்டும் சொல்லிறாதீங்க.